கம்பெனிக்காரருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

வள்ளியாத்தாளின் கிணற்றில் டீசல் கலந்து இரண்டு வருஷமாகிறது. நாமக்கல் சாலையை ஒட்டிய அவள் குடும்பத்து மிளகாய்க் காட்டின் ஒரு மூலையை வெள்ளைக்காரக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து பெட்ரோல் பங்க் வைத்திருந்தது. மண்ணுக்குள் புதைத்த டேங்கில் எங்கேயோ ஓட்டை. மிளகாய்ச் செடிகள் கருகிப்போயின. எருமைகளுக்குத் தண்ணீர் காட்ட அரை மைல் ஓட்டிப் போகவேண்டியிருந்தது.

முறையிட்டபோதெல்லாம் பாலசுந்தரம் என்ற கம்பெனி ஆபீசர் வந்தார். "உங்க மோட்டார்ல ஒழுகுற எண்ணெயா இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போனார். வள்ளியாத்தாள் கிணற்றில் இருந்தது கரண்டு மோட்டார்; அதற்கு டீசலே வேண்டாம். வாய் கூசாமல் சொன்னார் மனுஷன்.

எழுபத்தாறில் அந்தக் கம்பெனியை சர்க்கார் எடுத்துக்கொண்டது. பலகையில் புதுப் பெயர், புது வர்ணம். இனி நம்மாட்கள், கேட்டால் செய்வார்கள் என்று வள்ளியாத்தாள் நம்பினாள். புதுக் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்து இறங்கியவர் அதே பாலசுந்தரம்.

"அது பழைய கம்பெனி பண்ணின தப்பும்மா. அவங்க லண்டனுக்கே போயிட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

வள்ளியாத்தாள் கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்பு இறைத்து வந்து நீட்டினாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதும், வந்தவர் ஒரு வாயாவது குடிப்பதும் அந்தப் பக்கத்து மரியாதை. குடிக்காமல் திருப்பினால் வீட்டையே அவமதித்த மாதிரி.

"குடிங்க சாமி. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

பாலசுந்தரம் சொம்பை முகத்தருகே கொண்டுபோனார். நாற்றம் தாக்கியதும் கை அப்படியே நின்றது. திண்ணையோரம் நின்றிருந்த அவள் புருஷன் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னா பங்க்கை மூடி டேங்க்கைத் தோண்டணும். இந்த பங்க்கை நடத்துற டீலர்ஷிப்பை உங்களுக்கே தரலாம்னு இருந்தோம். என்ன சொல்றீங்க?"

சென்னியப்பன் அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினான். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தான்.

"நல்ல தண்ணிதானுங்க. இவளுக்கு எப்பவும் எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கோணும்," என்று இளித்தான்.

இந்த ஆளோடுதானா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று அவளுக்கு அருவருத்தது. வெறும் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி கிணற்றில் இறைத்து வந்து, அவன் முன்னால் நீட்டினாள்.

"நல்லாருக்குதுன்னா இன்னொருக்கா குடிங்க."

ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அதையும் குடித்தான்.