மூன்று வருஷக் காய்ச்சல்

பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வருகிறார்கள் என்று டைரியில் எழுதி வந்தால் போதும், மறுநாள் காலை கன்னியப்பன் மகள் பூர்ணிமாவின் யூனிபாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவான். இன்றும் பூட்டினான். "புள்ளைக்குக் காய்ச்சல்னு டீச்சருக்குச் சொல்லிடு" என்று மனைவி சுலோசனாவுக்கு உத்தரவு போட்டுவிட்டு, பெரிய மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கக் கிளம்பினான்.

மூன்று வருஷமாக இதே கூத்து. பூர்ணிமா நாலாம் வகுப்பு படிக்கும்போது, இப்படி வந்த டாக்டர்கள்தான் அவள் இருதயத்தில் ஓட்டை இருக்கும்போல் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், எல்லாம் இலவசம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கன்னியப்பன் அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டான். மூலக்குளத்தில் இருக்கும் அக்கா கார்குழலியின் மகனுக்குத்தான் பூர்ணிமா என்று பிறந்தபோதே பேசி முடித்தாயிற்று. மாரில் கத்தி வைத்த பெண்ணை அக்கா மருமகளாக எடுப்பாளா? அதுதான் அவன் கவலை. பெற்ற பெண் மூச்சு வாங்குவதெல்லாம் அந்த மகராசனுக்கு ஒரு கவலையா, சொல்லுங்கள்.

சுலோசனாவும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். எதிர்த்துப் பேசிவிட்டு எங்கே போவது? அண்ணன் வீட்டில் இரண்டு நாள் சோறு போடுவார்கள், மூன்றாம் நாள் முகம் மாறிவிடும். தன்னை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் என்றுதான் சொன்னாள்.

இன்று தண்ணீர்க்குடத்தோடு மாடி ஏறிய பூர்ணிமா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, பேச்சு வரவில்லை. சுலோசனா ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். ஆட்டோ பிடித்து, வீட்டுப் பாவாடையோடேயே மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் டாக்டர்கள் முன்னால் நிறுத்தினாள். அவர்கள் தங்கள் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள்.

யாரோ சொல்லிக் கன்னியப்பன் வந்து சேர்வதற்குள் ஸ்கேன் எடுத்து முடிந்திருந்தது. டாக்டர் தீபலட்சுமி இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

"மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, தொடையில ரத்தக்குழாய் வழியாவே உள்ள போயி அடைச்சிருப்போம். மாருல கத்தியே பட்டிருக்காது. இப்ப ஓட்டை பெருசாயிடுச்சு. நெஞ்சத் தொறந்துதான் தைக்கணும்."

கன்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளை பிழைப்பாளா என்று கேட்கப்போகிறான் என்றே சுலோசனா நினைத்தாள்.

"தழும்பு வெளிய தெரியுங்களா?" என்றான்.

தெரியும் என்றார் டாக்டர். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன், அதுவரை எதுவும் வேண்டாம் என்று அவன் எழுந்தான். பெற்றவர்களில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று சுலோசனா மெல்லக் கேட்டாள். போதும் என்று டாக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போட்டுட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றான் கன்னியப்பன்.

"வரல" என்று சொல்லிவிட்டு, சுலோசனா எழுத்துக்கூட்டித் தன் பெயரை முழுசாக எழுதினாள்.