பாரனிகோவின் காலைக் குரல்

என் கணவன் பாரனிகோவைக் காலையில் எழுப்புவது, கரையேறிக் கிடக்கும் படகை ஒற்றை ஆளாகத் தள்ளுவது போன்ற வேலை. கொஞ்சம் அசைவான், அவ்வளவுதான். அதே ஆளுக்குப் பொழுது சாய்ந்துவிட்டால் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். பந்தம் கொளுத்திக் கோலா மீன் பிடிக்கப் போய், ஊர் அடங்கிய பிறகு பாடிக்கொண்டே திரும்புவான். நான் நேர்மாறு. இருட்டினால் கண் சொருகிவிடும். சேவலுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து, இந்தச் சேவலுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

தலைநகர் தாராவாவில் நர்ஸாக இருக்கும் என் மகள், பெண்களுக்கு உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பொதுவாக ஆண்களுடையதைவிடச் சற்று முந்தி ஓடுமாம் என்று சென்ற மழைக்காலத்தில் சொன்னாள். அவள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து இருவரும் உட்கார்ந்திருந்த நேரம். எதையாவது பேச வேண்டுமே என்று அவள் ஆரம்பித்த பேச்சு அது. நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்பதை அவளுக்காக எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அபயாங் தீவில் என் அப்பாவின் நிலத்தில் இருந்தோம். பதநீர் இறக்கிக்கொள்ள அப்பா மருமகனுக்கு மூன்று தென்னைகளைக் கொடுத்தார். விடியலிலும் அந்தியிலும் ஏறிப் பாளையின் நுனியைச் சீவ வேண்டும். தவறினால் நுனி காய்ந்து பதநீர் ஊறல் குறையும். தொடர்ந்து தவறினால் நின்றே போகும்.

"பாளையைக் காயவிட்டீங்கன்னா மரத்தைத் திருப்பி எடுத்துக்குவேன் மாப்பிள்ளை," என்று சொல்லித்தான் கொடுத்தார். "அப்புறம் தாராவா துறைமுகத்துல மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்."

அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. என் அக்காவின் கணவன் அப்படித்தான் போனான். வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் அரிசி மூட்டையும் அவனுமாக அக்காவிடம் வந்து இறங்குவார்கள். எனக்கு அப்படி ஒரு புருஷன் வேண்டாம். தூங்குகிறவனாக இருந்தாலும் பக்கத்தில் தூங்க வேண்டும்.

மரமேறுவது எங்கள் தீவில் ஆண்களின் வேலை. ஏறியவன் உச்சியிலிருந்து உரக்கப் பாட வேண்டும், மேலே ஆள் இருப்பது கீழே நடப்பவர்களுக்குத் தெரிவதற்காக. அப்பா காலையில் கொசுவலையை விட்டு வெளியே வரமாட்டார். படுத்தபடியே காதால் மருமகனைக் கண்காணிப்பார்.

முதல் வாரமே ஊறல் பாதியானது.

"எழுந்திரு பாரனிகோ, விடியப் போகுது."

"விடியட்டும். நானா தடுக்கிறேன்?"

"பாட்டு வரலைன்னா அப்பா சும்மா விடமாட்டாரு."

"அவருக்குப் பாட்டுதானே வேணும். நீ பாடேன்," என்று துணியைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

அவன் சொன்னது விளையாட்டுக்கு. நான் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். சின்ன வயதில் பையன்களோடு போட்டி போட்டு ஏறிப் பழகிய கால்கள். குரலும் பிறவியிலேயே கட்டைக் குரல். தேவாலயப் பாடகர் குழுவில் என்னை ஆண்களுக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். உச்சியில் உட்கார்ந்து குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கடல் பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சத்தமாக நான் பாடியதில்லை.

அதற்குப் பிறகு காலை என்னுடையது, மாலை அவனுடையது. ஊறல் திரும்பி வந்தது. ஊருக்குத்தான் குழப்பம்.

"அதென்ன, உங்க மாப்பிள்ளைக்குக் காலையில ஒரு தொண்டை, சாயங்காலம் ஒரு தொண்டை?" என்று அப்பாவிடம் அவர் தங்கை, என் அத்தை, கேட்டாள்.

"ராத்திரி ஓய்வெடுத்த தொண்டை தெளிவா இருக்கும். உனக்கு என்ன தெரியும் பாட்டைப் பத்தி," என்றார் அப்பா.

அப்பாவின் பெருமைதான் எங்களை மாட்டிவிட்டது. தேவாலயத் திருநாளுக்குப் பக்கத்து ஊர்ப் பாடகர் குழு வந்திருந்தது. அவர்கள் தலைவர் தெபகாபோ, தன் ஊர்க் குரல்களை ஊர்க்கூடத்தில் புகழ்ந்துகொண்டிருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என் மாப்பிள்ளை காலையில பாடிக் கேட்டிருக்கீங்களா? மாப்பிள்ளை, எழுந்து பாடுங்க."

பாரனிகோ என்னைப் பார்த்தான். நான் பரிமாறிக்கொண்டிருந்த பலாக்காயைப் பார்த்தேன்.

"மாமா, எனக்கு மரத்து மேலதான் பாட்டு வரும். தரையில வராது."

"அதுக்கென்ன, நாளைக்கு விடியல்ல எல்லாரும் மரத்தடிக்கு வர்றோம்," என்றார் தெபகாபோ. "குரலையும் பாக்கலாம், ஆளையும் பாக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாரனிகோ கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான்.

"இன்னிக்கு நான் தூங்கப் போறதே இல்ல. முழிச்சிருந்து நானே ஏறுறேன்."

"ஏறுவ. பாடுறது?"

"உன்னை மாதிரி பாடுறேன்."

"உன் குரலைக் கேட்டா ஊர்ல இருக்கிற பன்னிக்குட்டியெல்லாம் அம்மா கூப்பிடுதுன்னு ஓடி வரும்."

"அப்ப மூட்டை தூக்கப் போறேன், விடு," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் விழித்தபோது அவன் தூணில் சாய்ந்து, கையில் கத்தியோடு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். விரல் விரலாகப் பிரித்துக் கத்தியை எடுத்தேன். அவன் தொப்பியை முகம் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டேன். இருட்டிலேயே ஏறிவிட வேண்டும், பாட வேண்டும், கூட்டம் கலையும்வரை மட்டைகளுக்குள் பதுங்கி இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். பாளையைச் சீவும்போதே கீழே காலடிச் சத்தங்கள் கேட்டன. குரலை இறக்கிப் பாட ஆரம்பித்தேன்.

பாதிப் பாட்டில் வெளிச்சம் வந்துவிட்டது. காற்று மட்டையை விலக்க, தொப்பி பறந்து நேராக என் அம்மாவின் காலடியில் போய் விழுந்தது. பாட்டை நிறுத்திவிட்டு மெல்ல எட்டிப் பார்த்தேன்.

அம்மா நின்றாள். அத்தை நின்றாள். தெபகாபோவின் மனைவி, விருந்தாளிப் பெண்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரே ஓர் ஆண்கூட இல்லை.

"ஏன் நிறுத்திட்ட? முழுசாப் பாடு," என்றாள் அம்மா.

"ஆம்பளைங்க?" என்றேன் மேலிருந்து.

"ராத்திரி பூரா ஆடிட்டு, கருவாடு காயப்போட்ட மாதிரி வரிசையாக் கிடக்கிறாங்க," என்றாள் தெபகாபோவின் மனைவி. "எங்க வீட்டுக்காரரைக் காலைப் பிடிச்சு இழுத்தேன். கால் மட்டும்தான் வந்துச்சு."

"எனக்கு மொத நாளே தெரியும்," என்றாள் அத்தை. "ஆனா எங்க அண்ணன்கிட்ட யாரு பேசுறது?"

பாட்டை முடித்தேன். இறங்கியதும் அம்மா தொப்பியைத் தட்டி என் தலையில் வைத்தாள்.

வெயில் ஏறிய பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக ஊர்க்கூடத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். தான் மட்டும்தான் தூங்கிவிட்டோம், பக்கத்திலிருப்பவன் மரத்தடிக்குப் போய் வந்திருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுபோல இருந்தது. அம்மா பதநீரை ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. நான் கொஞ்சம் பின்னால நின்னேன். நீங்கல்லாம் மறைச்சுக்கிட்டீங்க."

"ரெண்டாவது பாட்டு?"

இரண்டாவது பாட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. அப்பா தெபகாபோவைப் பார்த்தார்.

"ரெண்டாவதுதான் பிரமாதம்," என்றார் தெபகாபோ. "எங்க ஊர்ல இப்படி ஒரு ஆம்பளைக் குரல் கிடையாது. ஒத்துக்கிறேன்."

அவர் மனைவி பதநீர் புரையேறி இருமினாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று, இந்த மரங்களை இனி யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்றும், கிணற்றடித் தென்னையையும் சேர்த்து மாப்பிள்ளைக்கே கொடுப்பதாகவும் அறிவித்தார். எங்கள் நிலத்திலேயே உயரமான மரம் அதுதான்.

நல்ல செய்தியைச் சொல்ல நான் வீட்டுக்கு ஓடினேன். பாரனிகோ தூணை விட்டு நழுவிப் பாயில் நீட்டிப் படுத்திருந்தான். உலுக்கிச் சொன்னேன்.

"நாலா?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "பாவம் நீ," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.