ஒரே பெயர் இரண்டு முறை

காலை பதினொரு மணிக்கு என் மனைவியின் விண்ணப்பம் தயாராக இருந்தது. இதயப் பிரிவின் தலைவர் பதவி. பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சிறுநீரகக் கல்லைப் பத்தி நீ எப்ப எழுதுன?"

பிழை திருத்துவது என் தொழில். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே சோறு சாப்பிடுகிறவன், மனைவியின் கட்டுரைப் பட்டியலை மட்டும் விட்டுவிடுவேனா?

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, இது தம்பியோடது!"

தம்பி சிறுநீரக டாக்டர். அவர்கள் அப்பாவின் புண்ணியத்தில் அக்கா, தம்பி இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். மருத்துவ இதழ்களில் அந்த ஓர் எழுத்தையும் அப்பா பெயரையும்தான் போடுவார்கள். கட்டுரைகளை எண்ணும் இணையதளம் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, இதயத்தையும் சிறுநீர்ப்பையையும் ஒரே கணக்கில் கொட்டியிருந்தது.

பதவிக்குக் கேட்டது இருபது கட்டுரைகள். ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது முறையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். இணையதளம் அவளுக்குக் கொடுத்தது இருபத்தேழு. தம்பியுடையதை எல்லாம் நீக்கினாள். பத்தொன்பது.

"ஒண்ணே ஒண்ணு!" என்று மேஜையைத் தட்டினாள். "நாலு மணிக்கு முடியுது. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

இருந்திருக்கலாம்தான். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். "என் பேப்பர் உன் பேப்பர் இல்லையா? கண்ணை மூடிட்டு அனுப்புக்கா."

"நான் எடுத்தேனா அந்தக் கல்லை? அதெல்லாம் வேணாம்."

"சரி, அந்த ராத்திரி பேப்பர்? அது நிஜமாவே நாம ரெண்டு பேரும் எழுதுனதாச்சே! முந்நூறு பேருக்கு மேல எடுத்துக் காட்டியிருக்காங்க!"

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பவர்களில் சிலருக்குக் கோளாறு சிறுநீர்ப்பையில் இல்லை, களைத்துப்போன இதயத்தில் என்று சொன்ன கட்டுரை அது. அவன் நோயாளிகளைக் கவனித்தான், அவள் அவர்களின் இதயத்தைப் பார்த்தாள். ஆனால் அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அதுவும் தம்பியின் துறை முகவரியோடு.

மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். போனில், "அத்தான் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டான் படுபாவி.

இருந்தேன். அந்தப் பெயரை வெட்டியவனே நான்தான். அப்போது அந்த இதழின் அச்சகத்தில் வேலை. ஒரே பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. கை தவறி இரண்டு தடவை அடித்துவிட்டார்கள் என்று, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒன்றை வெட்டிவிட்டேன். இதழ் வெளிவந்த மறுநாள் ஒரு பெண் டாக்டர் படியேறி வந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். எட்டு மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம்.

"அடுத்த இதழ்ல திருத்தம் போட்டாங்களே!" என்றான் தம்பி.

"கடைசிப் பக்கத்துல மூணு வரி" என்றாள் அவள். "அந்தப் பக்கத்தை இணையத்துல ஏத்தவே இல்ல. அச்சகத்தையும் மூடியாச்சு. ஆதாரத்துக்கு எங்க போறது?"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தை இழுத்தேன். தும்மிக்கொண்டே முதல் படத்தின் பின்னால் விரலை விட்டேன். அந்தத் திருத்தப் பக்கம் இருந்தது! நாலாக மடித்து, பழுப்பேறி, முழுப் பக்கம், தேதியோடு!

அவள் தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "அச்சுல வந்த திருத்தம்தானே? அது போதும் டாக்டர், படம் எடுத்துச் சேர்த்துடுங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் "இருபது! இருபது!" என்று கத்தினாள். தம்பி போனில் விசில் அடித்தான்.

மூன்றரை மணிக்கு எல்லாம் சேர்ந்து தயாரானது. அனுப்புமுன் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தாள். "'ஆசிரியர் பெயர் ஒன்று விடுபட்டது. வருந்துகிறோம்.' வருந்துனீங்களாக்கும்?"

"நீ வந்து கத்துறப்ப ரொம்ப. கத்திட்டுப் போனப்புறம் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் கிடைத்தது என்று திரையில் வந்தது. அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.