பல்லடம் போன பொன்னாடைகள்

பொன்னாடையை ஒழித்தால்தான் தமிழினம் உருப்படும் என்று தரணீதரன் உலகுக்கு அறிவித்தபோது அவனுக்கு இருபது வயது. உலகம் கல்லூரி கேண்டீன் அளவில் இருந்தது.

"ஊரு ஒலகத்துக்கே பனியன் தெச்சுப் போடறோம். மரியாதைன்னு வந்தா மட்டும் வேர்வையக்கூட உறிஞ்சாத ஜிகினாத் துணி. என்ற கை செத்தாலும் அதத் தொடாது," என்றான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் சொல்வதுதான் வேடிக்கை என்று நண்பர்கள் நினைத்தார்கள். அவனோ நிஜமாகவே நம்பினான்.

அது இரண்டாயிரத்து நாலு. செல்போன் வைத்திருப்பவர்கள் அதை வெளியே தெரிகிற மாதிரி சட்டைப்பையில் வைத்திருந்த காலம். மிஸ்டு காலிலேயே பாதி ஊர் பேசி முடித்துக்கொண்ட காலம். அந்தத் தை மாதத்தில்தான் பியானோ கலைஞர் பூபாலன் திருப்பூருக்கு வந்தார். அழைத்து வந்தவர் தரணீதரனின் தாய்மாமன் கிட்டுசாமி. பனியன் கம்பெனி முதலாளி, கலைச் சங்கத் தலைவர், ஊரிலேயே அதிகத் தோள்களில் பொன்னாடை போர்த்திய கை அவருடையது.

பூபாலன் திருப்பூரை ஒட்டிய மண்ணரைக்காரர். சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்த பையன், பாதிரியார் ஒருவர் தயவில் சென்னை போய், அங்கிருந்து வியன்னா போய், ஐரோப்பிய மேடைகளிலேயே தலை நரைத்தவர். சொந்த ஊரில் மட்டும் வாசித்ததில்லை.

கோயமுத்தூரிலிருந்து வாடகைப் பியானோ லாரியில் வந்து இறங்கியது. கீறல் விழக் கூடாதென்று மாமா தன் கம்பெனியின் குளிர்ச்சட்டை தைக்கிற, மெத்தென்ற சாம்பல் நிற ஃப்ளீஸ் துணியைச் சுற்றிக் கொண்டுவரச் செய்திருந்தார். மத்தியானம் ஆளில்லாத மண்டபத்தில் தரணீதரன்தான் அதைப் பிரித்து, மடித்து, மேடையோரம் வைத்தான். பூபாலன் ஒரு கட்டையை அழுத்தி, சத்தம் முழுதாக அடங்கும்வரை கேட்டார்.

"நாங்க குடியிருந்த ஊட்டுக்கு அடுத்த செவுரே நிட்டிங் மெஷினுங்க தம்பி. ராத்திரியெல்லாம் ஓடும். வியன்னாவுல மொத வருசம் எனக்குத் தூக்கமே வரல. என்ன ஊருடா இது, மெஷின் சத்தமே இல்லியேன்னு."

"அப்பறம் என்னங்க பண்ணுனீங்க?"

"மனசுக்குள்ளயே ஓட்டிக்குவேன். எத்தனையோ மேடை ஏறிட்டேன். இன்னிக்கும் தாளம் புடிக்கறது அந்த மெஷின்தானுங்க."

பேசும்போது இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருங்க. இதான் கடைசி. மூணு பாகம் இருக்குது, ஒரே சூட்டுல வாசிக்கோணும். பாகத்துக்குப் பாகம் ஒரு மூச்சு மட்டும் விடுவேன். அப்ப ஆராச்சும் மேடையேறி வெரல் ஆறிப் போச்சுன்னா, அப்பறம் அது எந்திரிக்காதுங்க."

இந்த ஊரில் பாட்டு ஒரு நொடி நின்றால் முடிந்தது என்று அர்த்தம். முடிந்தால் பொன்னாடை. பொன்னாடைக்குப் பின் நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தை முடிவதற்குள் சாப்பாடு ஆறிவிடும், விரல் எம்மாத்திரம்?

"பொன்னாடை பொட்டியே வந்து எறங்கியிருக்குதுங்க சார்," என்றான் பயத்தோடு.

பூபாலன் சிரித்தார். "எங்கப்பனுக்கு மில்லுல ஒண்ணு போத்துனாங்க. ஞாயித்துக்கெழமையானா அதப் போட்டுக்கிட்டுத்தான் சர்ச்சுக்கு வருவாரு. வெளிநாட்டு மேடையில எனக்குப் பூங்கொத்துதானுங்க. கையில குடுத்துட்டுப் போயிருவாங்க. தோள்ல ஆரும் ஒண்ணும் போத்துனதில்ல."

இதையும் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டு, தரணீதரன் பெட்டியோடு பேருந்து நிலையம் போனான். பல்லடம் தனியார் பஸ் கண்டக்டரிடம், "ஸ்டாண்டு டீக்கடையில குடுத்துருங்கண்ணா, ஆளு வந்து வாங்கிக்குவாங்க," என்று ஏற்றிவிட்டான். பொன்னாடை ஒழிப்பு இயக்கத்தின் முதல் வெற்றி அது.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. தரணீதரன், தான் சைகை காட்டும்வரை யாரும் கைதட்டக் கூடாது என்று மைக்கில் அறிவித்தான்.

முதல் பாகம் முடிந்தது. பூபாலன் மூச்சு விட்டார். முன்வரிசை முழுக்க, பஸ் வந்துவிட்டது போல எழுந்தது.

"மாப்ளே, பொட்டி எங்கடா?" என்று மாமா, மேடையோரம் நின்ற தரணீதரனின் காதைக் கடித்தார். 

"பல்லடத்துல இருக்குதுங்க மாமா."

"பல்லடத்துலயா? அங்க அதுக்கென்றா வேல?"

"பஸ் மாறி ஏறிருச்சுங்க."

அதற்குள் இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது. வெறுங்கையோடு மேடையேறிப் பழக்கமில்லாத மாமா உட்கார்ந்தார். அடுத்த மூச்சில் யாரும் அசையவில்லை.

மூன்றாம் பாகத்தில் இடது கை திணறியது. ஓரிடத்தில் ஒரு விரல் வரவேயில்லை; வலது கை தாண்டி வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டு ஓடியது. தாளம் மட்டும் குலையவில்லை. எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அது நின்றது.

யாரும் கைதட்டவில்லை. இன்னும் ஒரு பாகம் பாக்கி என்று ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. பூபாலன் எழுந்து நின்றார். இடது கை முழுதாக மூடிக்கொண்டிருந்தது. அதை வலது கையால் பிடித்தபடி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேடையோரம் பார்த்தார்.

சைகை காட்டக் கை எழவில்லை தரணீதரனுக்கு. யாரும் எதுவும் போர்த்தியிராத அந்தத் தோள்தான் கண்ணில் பட்டது. பல்லடம் பஸ்ஸும் நினைவுக்கு வந்தது.

மடித்து வைத்த ஃப்ளீஸ் துணியை எடுத்தான். மேடையில் நடந்து போய், மாமா செய்வதைப் போலவே உதறி விரித்து, இரண்டு தோளிலும் சமமாக விழும்படி போர்த்தினான். ஒரு முனையை இழுத்து மூடிய கைக்கு மேல் சுற்றினான்.

பொன்னாடை போர்த்தினால் முடிந்தது என்று ஊருக்குத் தெரியும். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. துணி நழுவியது, தரணீதரன் அதை இன்னொரு தடவை ஏற்றிச் சரிசெய்துவிட்டு, மாமாவைப் போலவே கும்பிட்டான்.