பெட்டூனியா சாப்பிட்டாளா

என் தம்பி டெல்மர் குடியை விடப் போவதாகச் சொன்ன அன்று ஒரு பாம்பை வாங்கி வந்தான். குடியை விடுகிறவர்கள் மிட்டாய் தின்பார்கள், மீன் பிடிக்கப் போவார்கள், தேவாலயத்தில் முன்வரிசையில் போய் உட்கார்வார்கள். இவன் சலைனா ஊரில் நடந்த, வளர்ப்புப் பாம்பு விற்கும் சந்தைக்குப் போய், பன்றிமூக்குப் பாம்பு ஒன்றை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தான். பென்சில் தடிமன்கூட இருக்காது. முதுகெலும்பு தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது.

"பெட்டூனியான்னு பூப்பேரு வச்சிருக்கேன்க்கா."

"இந்த உடம்பு அந்தப் பேரைத் தாங்குமாடா?"

"எல்லாரும் கலர் கலரா இருக்கறதத்தான் பாத்தாங்க. இவள யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

மறுநாள் அவனை விச்சிட்டா நகரத்தில் உள்ள விடுதியில் சேர்க்க வேண்டும். குடியை மறக்க வைக்கும் இடம் அது. வண்டியில் ஏறும்போது அவன் சொன்னான்: "வாங்கினதுலேர்ந்து அவ எதையும் தொடலக்கா. எப்படியாவது சாப்பிட வச்சுடு. அவ சாப்பிட்டா நானும் தேறிடுவேன்னு மனசுக்குள்ள நெனச்சு வச்சிருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு மனிதன் பிழைப்பதும் அழிவதும் ஒரு புழுவின் வாயிலா இருக்கிறது? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். சீட் பெல்ட்டை மாட்ட முடியாமல் அவன் தடுமாறிக்கொண்டிருந்தான். நானே மாட்டிவிட்டேன். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அடம்பிடிக்கிற பிள்ளைகள் எனக்குப் புதிதில்லை. ஆனால் பெட்டூனியா என் சர்வீஸிலேயே பார்க்காத அடம். பிறந்த கையோடு உறைய வைத்த எலிக்குஞ்சுகளை டெல்மர் என் ஃப்ரீசரில், சாசேஜ் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒன்றை எடுத்து, பையில் போட்டு, வெந்நீரில் வைத்து, இடுக்கியால் பிடித்து அவள் மூக்குக்கு நேரே ஆட்ட வேண்டும். ஆட்டினேன். கழுத்தை அப்பளம் போலத் தட்டையாக்கி, புஸ்ஸென்று சீறி, மூடிய வாயாலேயே இடுக்கியை முட்டித் தள்ளினாள். வெளிச்சத்தைக் குறைத்தேன், சூட்டைக் கூட்டினேன், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விடுதியிலிருந்து பேச விடுவார்கள். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவன் கேட்டுவிடுவான்.

"சாப்பிட்டாளா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்காடா."

"ஓ." என்பான். "எனக்கும் இங்க சோறு இறங்கலக்கா."

வாரா வாரம் அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. மூட்டை கட்டிக்கொண்டு பாதியில் வந்துவிடுவானோ என்று பயந்தேன். போன தடவை சேர்த்தபோது அப்படித்தான் வந்தான்.

பாம்பை விற்ற ரஸ்டியைப் போனில் பிடித்து, உண்மையைச் சொல்லு என்று உலுக்கினேன். ரொம்ப நேரம் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான்: "வீட்டுல பொரிச்ச குஞ்சு இல்லீங்க. என் மச்சான் மேய்ச்சல் காட்டுல புடிச்சது. காட்டுல வளந்ததுங்க தேரையத்தான் தின்னும். எலி சாப்பிடற சாமான்னே அதுக்குத் தெரியாது."

"அப்ப தேரையையே போட்டுடட்டுமா?"

"ஐயையோ வேணாம். தேரை வயித்துல பூச்சி கெடக்கும், இவ இருக்கற இருப்புக்குத் தாங்க மாட்டா. எலிய எடுத்து தேரை முதுகுல நல்லாத் தேயுங்க. தேரை வாசம் ஏறிடுச்சுன்னா தின்னுடுவா. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். தேரை கெடைக்கலன்னா டின் மீன் தண்ணிய தடவிப் பாருங்க."

மழை பெய்யாத வருஷம் அது. ஊரிலேயே தேரை இருந்த இடம் ஒன்றுதான்: அடுத்த வீட்டு வெர்னாவின் தோட்டம். தகரத்தொட்டியை மண்ணில் புதைத்து, சுற்றிக் கல் அடுக்கி, தேரைகளுக்கென்றே ஒரு குளம் வைத்திருந்தாள். போன இலையுதிர் காலத்தில் டெல்மர் முட்டக் குடித்துவிட்டு அந்தக் குளத்தின் மேல்தான் லாரியை ஏற்றினான். காலையில் அவள் மண்டியிட்டு, நசுங்கிய தேரைகளைக் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குளத்தைத் திரும்பக் கட்டிவிட்டாள். எங்களோடு பேச்சு மட்டும் இல்லை. எந்த முகத்தோடு போய் அவளிடம் தேரை கேட்பது?

ஆகவே டின் மீன். அன்று தெருவிலுள்ள பூனையெல்லாம் என் வாசலில் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். மீன் வாசம் பட்டதும் பெட்டூனியா சீறினாள், முறுக்கிக்கொண்டாள், வாயைப் பிளந்து நாக்கைத் தொங்கவிட்டு மல்லாந்துவிட்டாள். குடலைப் பிடுங்கும் நாற்றம். தொட்டால் அசைவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அவளைச் சமையல் துண்டில் சுற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். மண்வெட்டியைப் போடப் போட அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாம்புக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை போன் வருமே, அதற்காக அழுதேன்.

"எத புதைக்கற?"

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னா, கையில் தண்ணீர்க் குழாயோடு. பேசி எட்டு மாதம் இருக்கும். துண்டைப் பிரித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அத நேராத் திருப்பி வை."

வைத்தேன். பெட்டூனியா சட்டென்று உருண்டு மறுபடி மல்லாந்தாள், நாக்கைத் தொங்கவிட்டாள். திரும்ப நேராக்கினேன். திரும்ப மல்லாந்தாள்.

"செத்தவ யாராவது இவ்வளவு வம்பு பண்ணுவாளா?" என்றாள் வெர்னா.

பன்றிமூக்குப் பாம்பு செத்த மாதிரி நடிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கண்ணீரில் புத்தி கழன்றுவிட்டது. சிரிப்பும் அழுகையுமாகக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: விடுதி, போன், அவன் மனசுக்குள் நினைத்து வைத்திருப்பது, எலி, தேரை வாசம்.

"கேக்க எனக்கு வாயில்லைங்க வெர்னா. ஒரே ஒரு தேரை. தேச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்."

வெர்னா குழாயை மூடினாள். உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. நியாயம்தான் என்று எழுந்து, புடைத்த கண்ணோடு வீட்டுக்குள் வந்தேன். பெட்டூனியாவை அவள் பெட்டியில் விட்டேன். ஆள் போனது தெரிந்ததும் தானே நிமிர்ந்து, அட்டைப்பெட்டிக்குள் நழுவிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வெர்னா நின்றாள். ஒரு கையில் ஐஸ்கிரீம் வாளி, அதற்குள் ஈரப் புல்லின் மேல் குண்டாக ஒரு தேரை. இன்னொரு கையில் துணியில் சுற்றிய சூடான பீராக் ரொட்டிகள். கறியும் முட்டைக்கோஸும் வைத்தது, வாசனையிலேயே தெரிந்தது.

"மொதல்ல நீ தின்னு. மூஞ்சியப் பாரு, பாம்பே பரவால்ல. தேரைய நீ தொடக் கூடாது, நான்தான் தொடுவேன். அது சொகுசாப் பழகினது."

நான் எலியை வெந்நீரில் போட்டேன். வெர்னா தேரையைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டாள். எலியை வாங்கி அதன் முதுகில் மெல்லத் தேய்த்தாள். தேரை மூத்திரம் பெய்து அவள் கையெல்லாம் நனைத்துவிட்டது.

"நல்லதாப் போச்சு," என்று அந்த ஈரத்தையும் சேர்த்துத் தடவினாள்.

இடுக்கியை நான் நீட்டினேன். அட்டைப்பெட்டியிலிருந்து மூக்கு முதலில் வந்தது. பிறகு நாக்கு. சீறவில்லை, கழுத்தை விரிக்கவில்லை. நாக்கு ஓயாமல் எலியைத் தடவியது. என் கை வலித்தது. வெர்னா என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். படக்கென்று ஒரே கவ்வு. பெட்டூனியா எலியை இடுக்கியோடு இழுத்தாள். பிறகு தாடை மாற்றி மாற்றி, அவசரமே இல்லாமல் விழுங்கினாள். ஒல்லிக் கழுத்தில் ஒரு சிறு புடைப்பு இறங்கிப் போவதை நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"விடு," என்றாள் வெர்னா. தேரையை வாளியில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். "எங்க வீட்டுக்காரர் ராய் ஒரு தடவகூட குடிய விட்டுப் பாக்கல. விடுன்னு சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. உன் தம்பி விட்டுப் பாக்கறான்ல. அதுக்கு ஒரு தேரைய ஒரு நேரம் கொடுத்தா நான் கொறஞ்சு போயிடுவேனா?"

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாடா. முழுசா. ரெண்டு தடவை."

"சும்மா சொல்லாதக்கா."

"சத்தியமா. தேரை மேல தேச்சுக் கொடுத்தோம்."

"தேரையா? இந்த வறட்சியில தேரை ஏது?"

"வெர்னாவோடது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அவங்க கொளத்த நான்..." என்றான்.

"ஆமா. அவங்கதான்."

"நீ கெஞ்சினியா?"

"கேட்டேன். அவங்களே வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, அவங்க கையாலேயே தேச்சுக் கொடுத்தாங்க. எனக்காக இல்ல டெல்மர். நீ விட்டுப் பாக்கறேன்னு."

அவன் அழ ஆரம்பித்தான். குடித்துவிட்டு அவன் அழுது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊளையிடுவான், ஊரைத் திட்டுவான், நான் போனை வைத்துவிடுவேன். இது வேறு மாதிரி இருந்தது. சின்னச் சத்தத்தில், யாரையும் குறை சொல்லாமல், தெளிந்த புத்தியோடு அழுதான். அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. கடவுளே நன்றி, வெர்னா நன்றி என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, அவனுக்குக் கொடுத்த நேரம் முடிகிற வரை அந்தப் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.