பின்கம்பத்தில் ஆளில்லை

மூலையிலிருந்து வந்து றெக்சனின் தலையில் பட்ட பந்து வலைக்குள் விழுந்தபோது ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. லிட்கம் மைதானத்தில் எங்கள் பக்கத்தில் இருந்த எல்லோரும் ஒரேயடியாக எழும்பினார்கள். மடக்குக் கதிரைகள் சரிந்தன. யாரோ ஒரு அன்ரி கையிலிருந்த றோல்ஸ் பலகாரத் தட்டை மறந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். றோல்ஸ் புல்லில் உருண்டன. அப்பா மட்டும் குதிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“பாத்தனியே பிள்ளை? அது என்ர கோர்னர்.”

“ஓம் அப்பா,” என்றேன்.

மன்னாரில் இரண்டு கல்லூரிகள். அவற்றின் பழைய மாணவர்கள் சிட்னியில் இரண்டு சங்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு யூன் மாதமும் நீண்ட வார இறுதியில் இரண்டும் உதைபந்தாட்டத்தில் மோதும். பழைய மாணவர்களும் அவர்களுடைய ஆண் பிள்ளைகளும் விளையாடலாம். அப்பாமாரின் முழங்கால்கள் போய்விட்டதால் இப்போது பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் மன்னாரைக் கண்டதில்லை. ஆனாலும் தகப்பனின் நிறம் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் நீலம், அவர்கள் மஞ்சள். பெண் பிள்ளைகளுக்கும் நிறம் உண்டு. அவர்கள் அந்த நிறத்தில் ரீசேட் போட்டுக்கொண்டு இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவார்கள். நான் பதினான்கு வயதிலிருந்து வெட்டுகிறேன். எனக்கு இப்போது இருபத்தாறு.

அப்பா ஒன்பது ஆட்டங்களுக்கு நீலத்தின் பயிற்றுநராக இருந்தார். ஏழு தோல்வி, இரண்டு சமநிலை. வேலை ஒரு களஞ்சியசாலையில். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே பயிற்சிக்குப் போய்விடுவார். காரின் பின்பக்கத்தில் எப்போதும் பந்துகள் உருளும். அவருடைய முறை எளிமையானது. ஆளுக்கு ஆள் ஒட்டி நிற்க வேண்டும், பந்து வந்தால் தூர அடிக்க வேண்டும், தொடங்குவதற்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று சிலுவை அடையாளம் போட வேண்டும். பிறகு தொண்டை கிழியக் கத்துவார். “மனம் வேணும், மனம்! கால் பிறகு!” பையன்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் கெட்ட மனதோடு அல்ல. ஆட்டம் முடிந்த பிறகு அவர்தான் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, “அடுத்த வருசம்” என்று சொல்வார். ஒன்பது தரம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் பெப்ரவரியில் சங்கக் கூட்டத்தில் தலைவர் கணேசலிங்கம் அங்கிள் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். “ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின்ர சேவை பெரிய சேவை. இனி இளம் ஆக்களும் முன்னுக்கு வரவேணும்,” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். வீடு திரும்பும்போது பொன்னாடையைத் தோளிலிருந்து எடுக்காமலே காரோட்டினார். இந்த முறை இடப்பக்கத்தை மாற்ற வேண்டும், றெக்சனை முன்னுக்கு விட வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். எம்-போர் நெடுஞ்சாலையில் பாதி வழிக்கு மேல் அப்படியே போனோம். அம்மா வெளியே பார்த்தபடி சொன்னார்.

“உங்களை நிப்பாட்டிப் போட்டாங்கள். அதுக்குத்தான் அந்தத் துணி.”

கார் இரண்டு வெளியேறும் வழிகளைக் கடந்தது. பிறகு அப்பா, “துணி நல்ல துணி, டொறத்தி,” என்றார்.

இரண்டு நாள் கழித்து சங்கத்தின் வட்ஸ்அப்பில் புதிய பயிற்றுநராக ஜனுஷனின் பெயர் வந்தது. ஜனுஷன் இங்கே பிறந்தவன், முப்பது வயது, பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருப்பவன். பையன்களுக்கு முதுகில் கருவி வைத்த உள்ளாடை போட்டு, யார் எவ்வளவு ஓடினார்கள் என்று கைபேசியில் பார்ப்பான். அப்பா அந்தச் செய்திக்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்று போட்டார். அதன் பிறகு அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டார்.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகள் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்ததும் அதுதான். எனக்குப் பேச வராது, குறித்துக்கொள்ள வரும். ஒன்பது ஆட்டங்களையும் ஒரு நீல மட்டைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். தோடம்பழம் வெட்டிய கையைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குப் பின்னால் இருந்து எழுதுவேன். மைதானத்தைக் கோடுகளாகப் போட்டு, ஆட்களை இலக்கங்களாகவும் பந்தை அம்புக்குறியாகவும் போடுவேன். விளக்கம் எழுதுவது தமிழில். பதினொரு வயதில் இங்கே வந்தேன். ஒருவரும் பார்க்காமல் எழுதுவதை நான் இன்னும் தமிழில்தான் எழுதுகிறேன்.

மஞ்சளின் கோல்காப்பாளர் தனோஜன். ஆறு வருடங்களாக அவர்தான் நிற்கிறார். வலப்பக்கத்திலிருந்து நாங்கள் கோர்னர் அடிக்கும்போது, பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு அடி முன்னுக்கு வந்துவிடுவார். முப்பத்தொரு கோர்னர்களில் இருபத்தாறு தரம் அப்படி வந்தார். அவரோடு சேர்ந்து தடுப்பாளர்களும் நகர்வார்கள், கோலின் தூரத்துக் கம்பம் வெறுமையாகிவிடும். பின்கம்பத்தில் ஆளில்லை என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். முடிவு சொல்ல முப்பத்தொன்று பெரிய மாதிரித்தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தற்செயலாக வரும் எண்ணிக்கையும் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன், தோற்று வீடு திரும்பும் வழியில், காருக்குள் அப்பாவிடம் அதைச் சொன்னேன். சொல்வதற்கு ஓபர்னிலிருந்து மெரிலண்ட்ஸ் வரை தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

“பிள்ளை, இது எண்ணிப் பாக்கிற விசயமில்ல,” என்றார் அப்பா. கோபமில்லை, அன்பாகத்தான். “அது மனம். அது சரி, இண்டைக்குத் தோடம்பழம் போதாமப் போட்டுது. அடுத்த முறை இன்னும் ஒரு பையில வெட்டு.”

நான் இரண்டாம் தரம் சொல்லவில்லை. அடுத்த வருடம் இன்னொரு பையில் வெட்டினேன்.

ஜனுஷனிடம் கொப்பியைக் கொடுத்தது மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயிலின் கார் தரிப்பிடத்தில். ஏன் கொடுத்தேன் என்று பல தரம் யோசித்தேன். நீலம் வெல்ல வேண்டும் என்பதற்காக என்றால் அது பாதிதான் உண்மை. அவன் காரில் சாய்ந்து நின்று பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அதுவரை அந்தக் கொப்பியை என்னைத் தவிர ஒருவரும் பத்து நிமிடம் பார்த்ததில்லை. கோர்னர் படத்தில் நிறுத்தி, கீழே கோடு போட்ட வரியை விரலால் தொட்டான்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வட்ஸ் திஸ்?”

“ஃபார் போஸ்ட் எம்ப்டி,” என்றேன்.

“ஓ மை கோட். திஸ் இஸ் கோல்ட்.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்களா செய்தது?”

என் முகம் சூடாகியது. பக்கத்தில் இரண்டு அன்ரிமார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எழுத்துத்தான் என்ர,” என்றேன். “சொன்னது அப்பா.”

அந்தப் பொய் ஏன் வந்தது என்றும் யோசித்தேன். அது தானாக வந்தது. கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். நாங்கள்தான் கூடச் சொல்கிறோம், பேச்சைச் சீக்கிரம் முடிப்பதற்காக.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றும்போதுதான் கடைசிப் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. கொப்பியின் பின்பக்கமிருந்து திருப்பி எழுதிய இரண்டு பக்கங்கள். தலைப்பு ‘அப்பா’. ஒன்பது ஆட்டங்களில் அவர் யாரை எந்த நிமிடத்தில் வெளியே எடுத்தார், யாரை உள்ளே விட்டார், அதற்குப் பிறகு என்ன நடந்தது. பதினான்கு மாற்றங்கள். அவற்றில் எட்டுக்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் நாங்கள் கோல் வாங்கியிருந்தோம். கடைசித் தோல்வி அன்று அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன், பேனையை அழுத்தி, அடுத்த பக்கத்திலும் தடம் பதியும்படி. ‘அப்பா இல்லாவிட்டால் வெல்லலாம்.’

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று என்னை ஆறுதல்படுத்திக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் கொப்பியை என்னிடமே தரும்படி அவனுக்கு ஒரு செய்தி எழுதினேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று சேர்த்தேன். அது ஏதோ களவுபோல இருந்தது, அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதையும் அழித்தேன்.

இன்று காலை அப்பா வரமாட்டார் என்றுதான் அம்மாவும் நானும் நினைத்தோம். அவர் நீல ரீசேட் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னமே காருக்குள் இருந்தார். மைதானத்தில் வழக்கம்போலத் தன் வாசிப்புக் கண்ணாடியைக் கூட்டோடு என்னிடம் தந்தார். ஒரு வருடம் கத்தும்போது சட்டைப் பையிலிருந்து விழுந்து, அவரே மிதித்துவிட்டார். அதிலிருந்து ஆட்டம் முடியும்வரை அது என் கைப்பையில்தான் இருக்கும். பயிற்றுநரின் கோட்டுக்குள் போக அவருக்கு இனி அனுமதியில்லை. வேலியில் நின்றார். முதல் பத்து நிமிடம் வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தம் வரவில்லை.

இப்போது நடுவர் விசில் ஊதிவிட்டார். ஒன்றுக்குப் பூச்சியம். ஒலிபெருக்கியில் ட்றம்பெற் இசை வெடித்தது. பையன்கள் தோளோடு தோள் சேர்த்துக் கல்லூரிக் கீதம் பாடினார்கள். அவர்களுக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், அதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். கணேசலிங்கம் அங்கிள் வேலிக்கு வந்தார்.

“என்ன ஸ்ரனி அண்ணை, பாத்தீங்களே? இதுதான் சயன்ஸ்!”

“சயன்ஸோ?” அப்பா சிரித்தார். “அந்தக் கோர்னர் நான் சொல்லிக் குடுத்தது. தனோஜன் முன்னுக்கு வாறவன், பின்னுக்கு ஆளில்ல எண்டு எத்தினை தரம் சொன்னனான். பெடியள் மறக்கேல்ல.”

மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அங்கிள் தோல்வியோடு பக்கத்தில் நின்றார். அவர் விடவில்லை. “அப்ப ஒன்பது வருசமா ஏன் மாஸ்டர் அதை ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்? உங்களுக்கல்லோ நாங்கள் பொன்னாடை போத்தியிருக்கவேணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணேசலிங்கம் அங்கிளும் சிரித்தார். அப்பா அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டு, என்னிடம் திரும்பினார். “இவளுக்குத் தெரியும். நாலு வருசத்துக்கு முந்திக் காருக்குள்ள இவளுக்குச் சொன்னனான். என்ன பிள்ளை? சொன்னனானோ இல்லையோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் கண்களில் பொய் இல்லை. அவர் அதைத் தான் சொன்னதாகவே நினைவு வைத்திருந்தார். அந்தக் காரும், மெரிலண்ட்ஸ் விளக்குச் சந்தியும், மழையும்கூட அவருக்கு நினைவிருந்திருக்கலாம். என் குரல் மட்டும் அவருடைய குரலாக மாறிவிட்டிருந்தது. பையன்களுக்கும் ஒரு வியாழக்கிழமை சொல்லியிருக்கவும் கூடும். எனக்கு வியாழன்களில் மாலை வேலை. நான் பயிற்சிக்குப் போனதில்லை.

“சொன்னனீங்கள் அப்பா,” என்றேன்.

அப்போதுதான் ஜனுஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவிலிருந்து எங்களை நோக்கி வருவதைக் கண்டேன். ஒரு கையில் வெற்றிக் கிண்ணம். மற்றக் கக்கத்தில் என் நீல மட்டைக் கொப்பி. நான் தலையை ஆட்டினேன். இல்லை, இப்போது வேண்டாம் என்று. அவன் அதைப் பார்த்துப் புன்னகைத்து, நான் வாழ்த்துவதாக நினைத்துக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டினான். வேலிக்கு வந்ததும் கிண்ணத்தைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கொப்பியை அப்பாவிடம் நீட்டினான்.

“அங்கிள், தாங்க்யூ. உங்கட நோட்ஸ் இல்லாட்டி நாங்க வின் பண்ணியிருக்க மாட்டம். சீரியஸ்லி. அந்தக் கோர்னர், எல்லாம் இதில இருந்ததுதான்.” பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். “எவ்ரிதிங். அங்கிளின்ர.”

சிரிப்பு நின்றது. மஞ்சள் தொப்பி அங்கிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கணேசலிங்கம் அங்கிள், “அட, கொப்பியெல்லாம் வச்சிருந்தனீங்களே!” என்று எட்டிப் பார்த்தார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முகம் விளங்கியதைப் போல மெல்ல மெல்ல மலர்ந்தது. ஒன்பது வருடங்களில் அந்த முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. அவர் கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினார். மட்டையைத் தடவினார். காற்று பின்பக்கத் தாள்களைத் தூக்கியது. அவர் அங்கேயே பெருவிரலை வைத்துத் திறந்து, கையை நீட்டிக் கண்களைச் சுருக்கிப் பார்த்தார்.

“என்ர பேர் போட்டிருக்குப் போல. மேல ‘அப்பா’ எண்டுதானே கிடக்கு?” என்றார். “பிள்ளை, என்ர கண்ணாடியை ஒருக்கா எடு.”

கண்ணாடிக் கூடு கைப்பையில் தோடம்பழக் கத்திக்குப் பக்கத்தில் இருந்தது. என் விரல்கள் அதன் மேல் இருந்தன. பையன்கள் கீதத்தின் முதல் வரியை மறுபடி தொடங்கினார்கள். அப்பா கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டியபடி நின்றார்.