சோனுன் வீட்டு மச்சு

நாரின் என்கிற மலைநாட்டுப் பக்கத்துக் குளிரில், மச்சில் தொங்கவிட்ட இறைச்சி அழுகிப்போனதென்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். சோனுன் வீட்டில் அது அழுகியது, அதுவும் ஜனவரி நடுவில்.

கணவன் மக்சாத் இறந்த பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. கீழே மகள் பெகிமாய் தலையில் தொப்பியும் கையில் உறையுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சோனுன் இறைச்சி எடுக்க ஏணி வைத்து மச்சுக்கு ஏறினாள். கூரைத் தகரத்துக்குக் கீழே இதமான சூடு. யார் வீட்டுப் பூனையோ அங்கே குட்டி போட்டு, கால்நீட்டிப் படுத்திருந்தது. தொங்கவிட்டிருந்த குதிரைத் தொடை இறைச்சி நீர் விட்டு நாறியது.

"நான் எரிச்ச கரியெல்லாம் உனக்கா?" என்று பூனையைக் கேட்டாள். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மச்சுப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து. மாமனார் காலத்தில் மேலே பூசிய மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளை கீழே நடுங்க, அடுப்புச் சூடு முழுக்க இங்கே ஏறிப் பூனைக்குப் பிரசவம் பார்த்திருக்கிறது. சோனுனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கோடையில் மக்சாதின் ஆண்டு நினைவு விருந்து நடந்தது. பந்தி முடிந்து கை கழுவியதும் அவன் அண்ணன் இஷென் வாயைத் திறந்தார். கெட்டவர் இல்லை, வீட்டின் மேல் ஆசை வைத்தவர். கடைக்குட்டி என்பதால் பெற்றோர் வீடு தம்பிக்குப் போனது. இப்போது தம்பியும் இல்லை, தம்பிக்கு மகனும் இல்லை. இவர் மகனுக்கோ அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

"இங்க பாரும்மா, போன குளிர்ல புள்ள மூச்சு விட என்ன பாடு பட்டுச்சுன்னு நானும் பாத்தேன். இந்த வருஷம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க. இதைப் பூட்டிருவோம்."

"பூட்டினா அப்புறம் யாரு தொறப்பா அத்தான்?"

இஷென் தாடியைத் தடவினார். ஒரு குளிர்காலம் முழுக்கப் புகை எழும்பாத வீட்டை அந்த ஊரில் வீடாகவே எண்ணமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கரி எவ்வளவு வாங்க முடியும் உன்னால?"

"போன வருஷம் வாங்கினதுல பாதி."

"சரி. பாதிய வச்சு மார்ச்சுல நவுரூஸ் பண்டிகை வரைக்கும் ஓட்டிட்டேன்னா வீட்டப் பத்தி நான் வாயத் தொறக்கல. நடுவுல ஒரே ஒரு மூட்ட கரி கேட்டு என் வாசலுக்கு வந்தியோ, அன்னைக்கே மெத்தையையும் சுருட்டிக்கிட்டு வந்துரணும்."

"வருவேன் அத்தான்," என்றாள். "மெத்தை இல்லாம. உங்க மகன் கல்யாண விருந்துக்கு."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோனுனுக்குப் பயம்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நகரத்துக் கடையில், சூடு மேலே தப்பாமலிருக்க மச்சில் பரப்புகிற மஞ்சள் பஞ்சுச் சுருள் இருந்தது. விலையைக் கேட்டாள். சுருளை மரியாதையாக ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஊருக்கு வெளியே ஓடைச் சரிவில் ஆட்டு ரோமம் மலையாகக் கிடந்தது. முரட்டு ரோமத்தை வாங்க இப்போது ஆள் இல்லை. கத்தரித்தவர்கள் அங்கே கொட்டிவிட்டுப் போவார்கள். சிலர் கொளுத்துவார்கள், அன்றைக்கு ஊர் முழுக்க நாறும். இதைப் போர்த்திக்கொண்டுதானே ஆடு பனியில் நின்று மேய்கிறது என்று சோனுனுக்குத் தோன்றியது. மறுநாளே கழுதை வண்டியைக் கடன் வாங்கினாள்.

"என்னா சோனுன், ஆடு வாங்க வக்கில்லன்னு ரோமத்த வச்சே ஆடு செய்யப்போறியா?" என்று மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் கத்தினார்கள்.

"செஞ்சதும் மொதல்ல உங்களத்தான் முட்டவிடுவேன்!"

கோடை முழுக்க ரோமத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்து ஆற்றில் அலசினாள். அந்த ஆற்றுத் தண்ணீர் கோடையிலும் எலும்பைக் குத்தும். கை வெடித்தது. வேலி முழுக்க ரோமம் காய்ந்தது. அந்தப் பக்கமாகக் குதிரையில் போன இஷென் வேலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குதிரையைத் தட்டிவிட்டார். அந்தப் பார்வைதான் அவளை இன்னும் வேகமாக அலச வைத்தது.

இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டுக் கூலிபா அக்கா தெருப் பெண்களைக் கூட்டிவந்தாள். கூப்பிட்டால் வந்து கைகொடுப்பது அங்கே வழக்கம். தேநீரும் ரொட்டியும் வைத்தால் போதும். வில்லோ மரக் குச்சிகளால் அடிக்க அடிக்க ரோமம் பூத்து எழும்பியது. சோனுன் மனம் நிறைந்து, தேநீர் போட உள்ளே போனாள்.

கெண்டியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முற்றத்தில் நாணல் பாயை விரித்து, அடித்த ரோமத்தைப் பரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றிச் சுருட்டி, நாலு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வேறு.

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

"என்ன பண்றோமா? பூத்த ரோமத்தப் பாத்துட்டுக் கால் சும்மா இருக்குமாடி? கம்பளமாக்கித் தரோம். மச்சுல விரிச்சா கெட்டியா, திண்ணுன்னு கெடக்கும்."

"கெட்டியா வேணாம்க்கா, உப்பலா வேணும்! மிதிச்சா உள்ள இருக்கற காத்து போயிரும். அந்தக் காத்துதான் சூட்டப் புடிச்சு வைக்கும்."

"காத்து நுழையக் கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு படற? இப்ப காத்துதான் வேணுங்கற! தெளிவா இருக்கியாடி?"

முற்றமே சிரித்தது. சோனுன் சிரிக்கவில்லை. கூலிபாவின் மணிக்கட்டைப் பிடித்து, மிதிக்காத குவியலுக்குள் முழங்கைவரை செருகினாள்.

"அப்படியே வைங்க. பேசாதீங்க."

கூலிபா பேசாமல் இருந்ததே அன்றைக்குப் பெரிய அதிசயம். கொஞ்ச நேரம் கழித்து, "அடி ஆத்தி," என்றாள். அந்தக் கதகதப்பிலிருந்து கையை வெளியே எடுக்க அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் மிதித்தது மிதித்ததுதான், கம்பளமானதை மறுபடி ரோமமாக்க முடியாது. நல்ல ரோமத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சோனுன் தலைமுண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் வண்டியோடு ஓடைச் சரிவுக்குப் போனாள். தப்புச் செய்த நாலு பேரும் ஆளுக்கொரு கோணியோடு பின்னாலேயே வந்தார்கள். அந்தக் கம்பளத்தை மச்சு வாசலின் கதவில் ஆணியடித்து ஒட்டினாள்.

மச்சுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டிபோட்டே பலகைச் சந்துகளையெல்லாம் வைக்கோல் கலந்த மண்ணால் அடைத்துக் காயவிட்டாள். அந்துப்பூச்சி வராமலிருக்க மாசிப்பத்திரித் தழையைக் காயவைத்துப் பரப்பினாள். அதன்மேல் ரோமத்தை முழங்கை உயரத்துக்கு, அமுக்காமல், உதறி உதறிக் கொட்டினாள். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் செங்கல் அடுக்கி, ரோமம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். தலை எத்தனை முறை கூரைக்கட்டையில் இடித்ததென்று தலைக்குத்தான் தெரியும்.

குளிர் வந்தது. முதல் வாரங்களில் தினமும் கரிக்குவியலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போதாது என்றே பட்டது. பிறகு ஒருநாள் காலை பெகிமாய் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, வேர்த்த நெற்றியோடு தூங்குவதைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சோனுன் ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு மாலையில் மட்டும் அடுப்பு மூட்டினாள். அந்தச் சூடே மறுநாள் நடுப்பகல்வரை நின்றது.

பிப்ரவரியில் நாள்கணக்காகப் பனி கொட்டி, வானம் வெளுத்து, துப்பிய எச்சில் தரையில் விழுமுன் உறைகிற குளிர் இறங்கியது. அப்படி ஒரு காலையில் சோனுன் நன்றாக விடிந்த பிறகும் படுத்திருந்தாள். குளிர்ந்தால்தானே எழ வேண்டும்.

தெருவில் ஆண் குரலில் ஒப்பாரி கேட்டது.

சாவு வீட்டுக்குப் போகிற ஆண்கள் அந்த ஊரில் தெருமுனையிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு வருவார்கள். சோனுன் திடுக்கிட்டு எழுந்தாள். யார் போய்விட்டார்கள்? கூலிபாவின் மாமனாரா? தலைமுண்டைத் தேடினாள். சாவு வீட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு போக மாவு இருக்கிறதா என்று யோசித்தாள். அழுகை நெருங்கி வந்து அவள் வாசலிலேயே நின்றது.

"ஐயோ என் தாயே! என் தம்பி வீட்டு வெளக்கே!"

அத்தான் குரல்! ஜன்னல் பனியைச் சுரண்டி எட்டிப் பார்த்தாள். குதிரை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். இஷென் அவள் கூரையை வெறித்துப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். சோனுன் எதிர் வரிசையைப் பார்த்தாள். எல்லாக் கூரையிலும் அடுப்புச் சூட்டில் பனி உருகி, கை தடிமனுக்குப் பனிக்கம்பி தொங்கியது. அங்கே ஆளில்லாத வீட்டுக் கூரையில்தான் பனி அப்படியே கிடக்கும். இவள் கூரையில் கொட்டிய பனியெல்லாம் அப்படியே கிடந்திருக்க வேண்டும். புகைபோக்கியிலும் புகை இல்லை. விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"கரிய மிச்சம் புடிக்க, நெருப்பு அணையறதுக்குள்ளயே பொகபோக்கித் தகட்ட மூடிட்டுப் படுத்தியா தாயே! நச்சுப்புகையில போயிட்டீங்களே ரெண்டு பேரும்! ஒத்த மூட்ட கரிய வச்சு உன்னக் கொன்னுட்டேனே! நான் வீட்டத்தானே கேட்டேன், உன் உசுரயா கேட்டேன்?"

சோனுன் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"டேய் மக்சாத்! உன் புள்ளயப் பாத்துக்கறேன்னு உன் குழியில மண்ணு போட்டுச் சொன்னேனேடா!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் சோனுனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கதவைத் திறந்திருக்க வேண்டும். பாவம், வயசான மனுஷன். தெருவே ஓடிவந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று நினைத்தாள்.

"எந்திரிச்சு வந்துரும்மா! வீடு உன்னோடதுதான்! உன் மகளோடதுதான்! எம் மகனுக்கு வேற கட்டிக்கறேன்! கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்ல!"

சோனுன் கதவைத் திறந்தாள்.

"எந்திரிச்சுட்டேன் அத்தான்."

வெறும் பருத்திச் சட்டையில் நின்றாள். பின்னால் பெகிமாய் வெறுங்காலோடு கண்ணைக் கசக்கினாள். கதவு வழியே வந்த சூடு பட்டு, இஷெனின் தாடியில் உறைந்திருந்த கண்ணீர் சொட்டத் தொடங்கியது. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

"பொக... பொக எங்க?"

"சாயங்காலம்தான் மூட்டுவேன். அதுவே போதுது."

"மேல பனி அப்படியே கெடக்கே!"

"சூடு மேல போனாத்தானே உருகும்?"

இஷென் சுற்றிலும் பார்த்தார். தெருவே நின்றிருந்தது. தொப்பியை எடுத்துப் பனியைத் தட்டினார். "நவுரூஸ் இன்னும் வரல," என்று முணுமுணுத்துப் பார்த்தார்.

"வரட்டும்ணே," என்றாள் கூலிபா. "நீங்க வீட்ட யாருக்குன்னு சொன்னது கடைசி வீட்டுச் செவிட்டுக் கெழவனுக்கே கேட்டுச்சு. சாவுக்கு அழுது சொன்னத யாராவது விளையாட்டுக்குன்னு சொல்லுவாங்களா?"

யாரும் சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை. வாசற்படியை மிதிக்காமல் ஓரடி வெளியே நின்று, குளிரில் நடுங்கிக்கொண்டே பெகிமாயை மட்டும் பார்த்தார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இந்த முறை சத்தமில்லாமல் அழுதார்.

சோனுன் நகர்ந்து வழிவிட்டாள்.

"உள்ள வாங்க அத்தான். நான்தான் கூப்பிடறேன்."

இஷென் பிறந்ததே அந்த வீட்டில்தான். ஒருவர் கூப்பிட்டு அதற்குள் நுழைந்தது அன்றைக்குத்தான்.